போர் முடிந்த பிறகு வரும் புத்தகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு பண்ருட்டி பக்கம். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்து நாவல்களும் சேர்ந்த பெட்டியை வாங்கினேன். முதல் மூன்றையும் எங்கள் முந்திரித் தோப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்காமல் படித்தேன். நான்காவதான ‘எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்’ பாதியில் நிற்கிறது. முதல் மூன்றிலும் கூடவே வந்த ஜான் ஸ்னோ இல்லை, டிரியன் இல்லை, டேனேரிஸ் இல்லை. யார் யாரோ புதிதாக வருகிறார்கள். பிரையென் என்ற வீராங்கனை பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறாள். ஒன்றுமே நடக்கவில்லை. இவ்வளவு பெரிய எழுத்தாளர் இப்படி ஏமாற்றலாமா? ஆறாவது புத்தகம் இன்னும் வரவே இல்லை. டிவி தொடரே மேல் என்கிறார்கள் நண்பர்கள். நான்கையும் ஐந்தையும் அத்தியாயம் அத்தியாயமாகக் கலந்து படித்தால் சரியாகிவிடும் என்று ஒருவன் சொல்கிறான். அப்படிப் படிக்கலாமா?

ஒரு வாசகன், பண்ருட்டி

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் மகாபாரதத்தில் போர் முடிந்தபின் வரும் ஸ்திரீ பருவத்தை மறுபடி எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். உங்களை அறியாமலேயே சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். இல்லையென்றால் ‘பொறுமையாகப் படியுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். டிவி தொடர் மேலா கீழா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. ஆறாவது புத்தகம் எப்போது வரும் என்பது எழுதுகிறவர் பாடு. புதிய ஆட்கள் வருகிறார்கள் என்ற குறையில் பாதி நியாயம் இருக்கிறது. இரும்புத் தீவு அத்தியாயங்கள் எனக்கும் ஒட்டவில்லை. தள்ளிக்கொண்டு போங்கள்.

ஆனால் ‘ஏமாற்றலாமா’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது தப்பான வார்த்தை. 1996-இல் முதல் புத்தகம், 1998-இல் இரண்டாவது, 2000-இல் மூன்றாவது. அதற்கப்புறம் கதையை ஐந்து ஆண்டுகள் தாண்ட வைத்துத் தொடங்குவதுதான் மார்ட்டினின் திட்டம். பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், டிராகன்கள் பெரிதாகியிருக்கும், நேராக அடுத்த சண்டைக்குப் போய்விடலாம். நீங்கள் கேட்பது அதைத்தானே? அவரும் அப்படித்தான் எழுதிப் பார்த்தார். சரிப்படவில்லை. எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, போர் ஓய்ந்த அந்த இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தார். அது ஒரே புத்தகத்தில் அடங்காமல் பெருத்துப் போனதால் இடவாரியாகப் பிரித்து ஒரு பாதியை 2005-இல் கொடுத்தார். மறுபாதி அடுத்த ஆண்டே வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் புத்தகத்தின் கடைசியில் எழுதியும் வைத்தார். அது ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ என்று 2011-இல்தான் வந்தது. 2005-இல் வாங்கிப் படித்துவிட்டு ஜான் ஸ்னோவுக்காக ஆறு வருடம் காத்திருந்தவர்கள் கோபப்பட்டால் அதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் வாங்கி, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு என்ன கோபம்? ஒரு மனிதர் தான் எழுதியதைத் தானே கிழித்துப் போட்டிருக்கிறார். ஏமாற்ற நினைப்பவன் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டான். இந்த வார்த்தையை இன்னொரு தரம் எழுத்தாளர் யார்மீதும் போடாதீர்கள்.

சரி. இனி உங்கள் கடிதத்தில் நான் விடவே முடியாத வாக்கியத்துக்கு வருகிறேன். ‘ஒன்றுமே நடக்கவில்லை.’

மூன்று புத்தகங்களில் என்ன நடந்தது? ராஜாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் விருந்தாளியைக் கொன்றார்கள். ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். அதையெல்லாம் நீங்கள் சாப்பாட்டை மறந்து படித்தீர்கள். நான்காவது புத்தகத்தில் பிரையென், கொளுத்தப்பட்ட அந்த ஊர்களின் வழியாக ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு நடக்கிறாள். நீங்கள் மூன்று புத்தகங்களாகப் பக்கம் புரட்டித் தாண்டி வந்த ஊர்கள்தான் அவை. அந்த நெருப்பு உங்களுக்கு வேண்டியிருந்தது, சாம்பல் மட்டும் வேண்டாமா?

பாதியில் நிறுத்திவிட்டதால் மெரிபால்டை நீங்கள் சந்தித்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெறுங்காலோடு கிராமம் கிராமமாக நடக்கும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பூசாரி. கூடவே ஒரு நாய். ஒரு கழுதை மேல் பாரம். வழியில் எதிர்ப்படும் குழந்தைகளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுப்பார். போரை விட்டு ஓடிக் காட்டில் பதுங்கி வழிப்பறி செய்பவர்களைப் பற்றி அவர் ஓரிடத்தில் பேசுகிறார். அவர்களும் ஒரு காலத்தில் ஏர் பிடித்த பையன்கள்தான், அண்ணன் தம்பியாக, பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்து, பாட்டும் கதையும் கேட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனவர்கள்தான் என்கிறார். அப்புறம் கால் செருப்பு தேய்கிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, கூட வந்தவன் பக்கத்திலேயே சாகிறான். பிணத்தின் காலிலிருந்து செருப்பைக் கழற்றிக்கொள்ளும் நாளும் வருகிறது. ஒரு நாள் அந்தப் பையன் உடைந்துபோகிறான். இப்படிச் சொல்லும் மெரிபால்டும் சின்ன வயதில் அண்ணன்மாரோடு ஒரு போருக்குப் போனவர், அவர்களை அங்கேயே இழந்தவர். அந்த இரண்டு மூன்று பக்கத்துக்காக முதல் மூன்று புத்தகங்களின் எல்லா வாள் சண்டையையும் நான் கொடுத்துவிடுவேன். உங்களுக்கு இது ‘நடந்துகொண்டே இருக்கிறாள்’ என்று தோன்றுகிறது.

உங்களை மட்டும் திட்டிப் பயனில்லை, நம் ஊருக்கே இந்தப் பழக்கம் உண்டு. எனக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பகாசுரன் வதத்துக்கு பீமன் வேஷக்காரர் வண்டியில் ஏறித் தெருத்தெருவாகச் சோறு வாங்கிக்கொண்டு வருவார். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு, நட்டு வைத்த மரத்தின் உச்சியிலிருந்து விழும் எலுமிச்சம்பழத்தைப் பிடிக்க, பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் முந்தானையை ஏந்துவார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்க மல்லாந்து கிடப்பான். சுற்றுவட்டார ஜனம் அத்தனையும் அங்கே நிற்கும். பீமன் தொடையில் அடித்ததும் சிவப்பு பீறிடும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. அதோடு கூட்டம் கலைந்துவிடும்.

மறுநாள்தான் தருமர் பட்டாபிஷேகம். அதற்கு யாரும் வரமாட்டார்கள்.

எங்கள் ஆயா விடமாட்டாள், என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். தீக்குழிச் சாம்பலில் இன்னும் சூடு இருக்கும். ராட்டினக்காரர்கள் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். என் கண் முழுக்க அதன் மேல்தான் இருக்கும். பந்தலில் கொஞ்சம் கிழவிகள், ஆர்மோனியக்காரர், தொண்டை கட்டிப்போன பிரசங்கியார். மற்ற நாளெல்லாம் வில்லிபுத்தூரார் பாட்டை ராகம் போட்டுப் பாடி அர்த்தம் சொல்லும் அவர், அன்றைக்குப் பாடவே மாட்டார். வெறும் வசனமாகத்தான் சொல்வார். செத்தவர்களுக்குத் தருமர் கங்கைக்கரையில் தண்ணீர் விடுகிறார். பாட்டன், குரு, பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் என்று பிரசங்கியார் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். கடைசியில் கர்ணன் பெயரைச் சொல்லி நிறுத்துவார். ‘அண்ணனைக் கொன்னுட்டு வந்த எனக்கு எதுக்குய்யா சிம்மாசனம், நான் காட்டுக்குப் போறேன்’ என்று தருமர் உட்கார்ந்துவிடுவார். தம்பிமார் கெஞ்சுகிறார்கள், பாஞ்சாலி திட்டுகிறாள், கண்ணன் வந்து புத்தி சொல்கிறான். ஜெயித்தவனை நாற்காலியில் உட்கார வைக்க அத்தனை பேர் பாடுபட வேண்டியிருக்கிறது. கர்ண மோட்சத்தன்று அழாத கிழவிகள் அன்றைக்கு அழுவார்கள்.

அவர் ஏன் அன்றைக்கு மட்டும் பாடவில்லை என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டு இல்லை. நம் திருமுனைப்பாடி நாட்டில் பிறந்த வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவத்தில், சௌப்திகத்தோடு, அதாவது பதினெட்டாம் நாள் போர் முடிந்த கையோடு முடித்துவிட்டார். எவ்வளவு பெரிய கவி! அவர் சந்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான், அவரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் வியாசர் அங்கே நிறுத்தவில்லை. அவருக்கு மொத்தம் பதினெட்டுப் பருவம். போர் பத்தாவதில் முடிகிறது. அதற்கப்புறம் எட்டுப் பருவம் இருக்கிறது. அதில் ஒன்றான சாந்தி பருவம்தான் மொத்த நூலிலேயே நீளமானது. போர் பார்க்க வந்தவனுக்கு அங்கே ஒன்றுமே நடக்காது. அம்புப் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வந்துதான் தமிழில் பதினெட்டுப் பருவத்தையும் பாட்டாக்கினார். அதை இன்றைக்கு எத்தனை பேர் எடுத்துப் படிக்கிறார்கள்?

நான் படித்துக்கொண்டிருந்த ஸ்திரீ பருவத்தில் ஒரு காட்சி. பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்த காந்தாரியின் முன்னால் தருமர் வந்து நிற்கிறார். அவள் கண்ணில் கட்டியிருக்கும் துணியின் இடுக்கு வழியாக அவர் கால் விரல் நுனி மட்டும் தெரிகிறது. அவள் பார்வை பட்ட நகங்கள் கறுத்துப்போகின்றன. பக்கத்தில் நின்ற அர்ச்சுனன் நகர்ந்து கண்ணன் பின்னால் ஒளிந்துகொள்கிறான். பதினெட்டு நாளும் எதிரே நின்று போரிட்டவன் ஒரு கிழவியின் பார்வைக்கு ஒதுங்குகிறான். அப்புறம் அவள் ஞானக்கண்ணால் களத்தைப் பார்க்கிறாள். நரிகளும் கழுகுகளும் காக்கைகளும் தன் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கண்ணனிடம் சொல்கிறாள். இதைப் படித்துவிட்டு மார்ட்டின் தன் நான்காவது புத்தகத்துக்கு வைத்திருக்கும் தலைப்பைப் பாருங்கள்: காக்கைகளுக்கு ஒரு விருந்து. அவர் பாரதம் படித்தாரா இல்லையா என்பது எனக்குப் பொருட்டில்லை. போரை நேர்மையாக எழுத உட்கார்ந்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அந்தப் பறவைகளிடம்தான் வந்து நிற்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். முந்திரித் தோப்பில் கட்டில் போட்டுப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிழலுக்கு வயது என்ன என்று யோசித்ததுண்டா? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அன்றைக்கு நீங்கள் சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். நான் அதற்கப்புறம் உங்கள் பக்கம் வந்தேன். பாதை நெடுக முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேரில் ஒட்டிய செம்மண் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. தாத்தா காலத்துப் பலாமரங்கள் இடுப்பளவில் முறிந்து நின்றன. விறகுக்குக் கேட்டு வந்த வியாபாரிகள் அடிமாட்டு விலை சொன்னார்கள், ஏனென்றால் எல்லார் தோப்பும் விழுந்து கிடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு பெரியவர் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ‘எடுத்துட்டு என்ன வைக்கப்போறீங்க?’ என்று கேட்டேன். ‘முந்திரிதான். வேற என்ன தெரியும்?’ என்றார். புயல் அடித்தது ஒரு ராத்திரி. டிவிக்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அதற்கப்புறம் அடிவேரைத் தோண்டி எடுக்க ஜேசிபிக்குக் கடன் வாங்கி, கன்று வாங்கி, தண்ணீர் ஊற்றி, ஒட்டுக்கன்றே ஆனாலும் மூன்று நான்கு வருடம் அது காய்க்கக் காத்திருந்து, அந்த நாளில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டினார்களே, அந்த வருடங்களில் ஒன்றுமே நடக்கவில்லையா?

உங்கள் தோப்பு புயலில் தப்பியதா, திரும்ப வைத்ததா எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேளுங்கள். திரும்ப வைத்ததென்றால், நான்காவது புத்தகத்தில் வரும் ஆட்கள்தான் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஜான் ஸ்னோவைத் தேடிக்கொண்டு அவர்களைப் படிக்காமல் விடாதீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கலந்து படிக்கும் வரிசைகளை ரசிகர்கள் தயாரித்து வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். எல்லாம் ஒரு தரம் படித்து முடித்தவர்கள் இரண்டாம் தரம் அப்படிப் படித்துப் பார்க்கட்டும். உங்களுக்கு இப்போது வேண்டாம். கலந்தால், பிரையென் எரிந்துபோன ஒரு ஊருக்குள் நுழையும் நேரத்தில் அடுத்த அத்தியாயத்தில் டேனேரிஸும் டிராகனும் வந்துவிடும், உங்கள் மனசு அங்கே ஓடிவிடும். தனியாகவே படியுங்கள். நிறுத்திய பக்கத்திலிருந்து தொடர வேண்டாம். பிரையெனின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து வாருங்கள். மெரிபால்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை ஐந்தாவது புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம், கடலூர்