வெயிலில் சத்துக் குறைந்த கரும்புக்கு விலையைக் குறைப்பார்களா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் கோ 86032 ரகம் பயிரிட்டு வருகிறேன். ஏக்கருக்கு 45 டன் எடுத்த நிலம், 2024 கோடை வெயிலாலும் அந்த ஆண்டு இறுதியில் வந்த பெஞ்சல் புயலாலும் 31 டன்தான் கொடுத்தது. இப்போது வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த கட்டைக்கரும்பு நிற்கிறது. “வெயிலில் சத்து ஏறவில்லை, ஆலையில் விலையைக் குறைத்துவிடுவார்கள், எனக்கே கொடுத்துவிடுங்கள்” என்கிறார் தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். தரகர் சொல்வது உண்மையன்று. சர்க்கரைக் கட்டுமானம், அதாவது பிழிந்த கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் பங்கு, 9.5 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும், மத்திய அரசின் நியாயமான ஆதாய விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. 2024-25 பருவத்தில் அந்த அடிமட்ட விலை டன்னுக்கு 3,151 ரூபாய். 2025-26 பருவத்தில் 3,290 ரூபாய் 50 காசு. அந்தக் கட்டுமானமும் உங்கள் வண்டிக் கரும்பைத் தனியே பிழிந்து பார்த்துச் சொல்வதன்று, ஆலை முழுவதற்குமான சராசரி.

உங்களுக்கு நட்டம் வந்தது எடையில்தான். ஏக்கருக்கு 14 டன் குறைந்தால், 2024-25 விலையில் 44,114 ரூபாய் போய்விட்டது என்று பொருள். தை, மாசியில் நட்ட கரும்பு தூர் கட்டும் வேளையில் வெயில் கடுமையாகி மண் காய்ந்தால், இளங்குருத்துப்புழு பெருகி நடுக்குருத்தைக் காய வைத்துவிடுகிறது. காய்ந்த குருத்து கரும்பாவதில்லை. தப்பியதைப் புயல் சாய்த்தது. சாய்ந்த கரும்பைப் புரட்டிப் பார்த்திருந்தால், மண்ணைத் தொட்ட கணுக்களில் வெள்ளை வேர் இறங்கி, பருக்கள் பக்கக்குருத்தாக முளைத்திருந்ததைக் கண்டிருப்பீர்கள். தண்டில் சேர்ந்த சர்க்கரை அந்த முளைப்புக்கே செலவாகிவிடுகிறது. பின்பனிக் காலத்து இரவுகள் குளிராமல் போனால் முற்றும் கரும்பில் சர்க்கரை சரியாகச் சேராது என்பதும் உண்மைதான். ஆனால் அதைக் காட்டி உங்கள் விலையை அந்த அடிமட்டத்துக்குக் கீழே இறக்க எவருக்கும் உரிமையில்லை.

இந்தக் கட்டைக்கரும்பில் சோகையை, அதாவது காய்ந்த தோகையை, எரிக்காமல் பார்களுக்கிடையே பரப்பி ஈரத்தைக் காத்துக்கொள்ளுங்கள். வறட்சியின்போது நூறு லிட்டர் தண்ணீரில் யூரியாவும் பொட்டாஷும் தலா இரண்டரை கிலோ கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இலைவழி தெளியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே, கரும்பு சாயாதபடி சேர்த்துக் கட்டி விட்டம் கட்டிவிடுங்கள். “வெயில் தாங்கும் புதுக் கரணை” (நடுவதற்கான கரும்புத் துண்டு) என்று வண்டியில் கொண்டுவந்து விற்பவர்களிடம் ஒரு கரணைகூட வாங்காதீர்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தையோ ஆலையின் விதைப்பண்ணையையோ கேட்டு வாங்குங்கள்.

இனி, நான் அதிகம் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேரும். இதற்கு ஒரே விலக்கு, இரு தரப்பும் வேறுவிதமாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதுதான். அந்த விலக்கு சட்டத்தில் அரை வரியாக இருக்கிறது, ஆனால் விவசாயியின் வட்டியை விழுங்குவது அதுவே. கரும்பை வெட்ட ஆலை தரும் வெட்டு உத்தரவு வேண்டும் என்ற அவசரத்தில், சாய்ந்த கரும்பு காய்கிறதே என்ற தவிப்பில், இடையில் நிற்கும் ஆள் நீட்டும் படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். பணம் பிறகு வந்தால் போதும் என்ற வாசகம் அதில் இருந்தால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்காமலே வட்டியைக் கொடுத்த ஆலையை நான் இதுவரை கண்டதில்லை. சட்டம் போட்டு அறுபது ஆண்டாகியும், சேர வேண்டிய பணத்துக்கு விவசாயிதான் மனுவோடு அலைய வேண்டும் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தரகர் கண்ணால் மதிப்புப் போட்டு வாங்குபவர். அவரிடம் எடைச் சீட்டும் கிடையாது, இந்தப் பாதுகாப்பும் கிடையாது. 2024-25 பருவத்துக்கு மாநில அரசு அறிவித்த டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகையும் ஆலைக்குக் கரும்பு கொடுத்தவர்களுக்கே உரியது. ஆகவே கட்டைக்கரும்பை உங்கள் பெயரிலேயே ஆலையில் பதிவு செய்யுங்கள். வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் எழுத்தில் கேட்டு, அந்த மனுவின் நகலை எடைச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.