கரீபியன் கப்பல் பயணத்தில் இறங்கும் ஊர்களில் உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட, ஊர் பார்க்க நேரம் கிடைக்குமா?

கிடைக்கும், மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பாமல் இருந்தால். கப்பல் சாப்பாட்டுக்குத்தான் ஏற்கெனவே பணம் கட்டியாச்சே என்று பலரும் பன்னிரண்டு மணிக்கே திரும்பிவிடுகிறார்கள், சந்தைக் கடைகளில் சமையல் சுடச்சுட இறங்கும் நேரமே அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் குராசோ தீவின் வில்லம்ஸ்டாட். துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம். 1888இல் அமைத்த ராணி எம்மா பாலம் மிதவைகள் மேல் நிற்கிறது. கப்பல் வந்தால் மணி அடிப்பார்கள், மொத்தப் பாலமும் ஒரு பக்கமாக நகர்ந்து வழிவிடும், அதுவரை இலவசப் படகில் அக்கரை போகலாம். அங்கே வண்ணவண்ண டச்சுக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போனால் பிளாசா பியூ என்ற பழைய சந்தைக் கூடம் வரும். கண்ணெதிரே பெரிய பாத்திரங்களில் சமைப்பார்கள், நீள மேசையில் உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். வெள்ளாட்டுக்கறி ஸ்டோபா என்ற குழம்பும் ஃபுஞ்சியும் கேளுங்கள். ஃபுஞ்சி மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான், அந்தக் கெட்டிக் குழம்பில் தோய்த்தால் நம் ஊர்ச் சாப்பாடு மாதிரியே இறங்கும்.

இயற்கைக்கு செயின்ட் லூசியா தீவு. கடலோரத்திலிருந்து நேராக எழும் இரண்டு பிட்டன் மலைகளும் 700 மீட்டருக்கு மேல் உயரம், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. தலைநகர் காஸ்ட்ரீஸிலிருந்து அங்கே சாலை வழி வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மேற்குக் கரையோரமாகப் படகில் போவதே என் தேர்வு, மலைகளின் முழு உயரமும் கடலிலிருந்துதான் தெரியும். திரும்பி வந்து காஸ்ட்ரீஸ் சந்தையில், ஊறவைத்து உதிர்த்த உப்பு மீனை வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கி, வேகவைத்த வாழைக்காயோடு தருவதைச் சாப்பிடுங்கள்.

மார்ட்டினிக்கில் கப்பல் நின்றால் கொலம்போவை விடவே விடாதீர்கள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்த்த மசாலாவில் வைக்கும் கோழி அல்லது ஆட்டுக் குழம்பு அது. அடிமை முறை 1848இல் ஒழிந்தபின் 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் நிறையப் பேர் தமிழர்கள், அவர்கள் கைமணம் அந்தத் தீவின் அன்றாடச் சமையலிலேயே கலந்துவிட்டது.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை சந்தைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒரு மணி வேறுபடலாம், கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வையுங்கள். நீங்களாகச் சுற்றப் போனால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது, அதனால் தூரமான இடத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, சாப்பாட்டைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.