மகன் சாட்பாட்டில் எழுதிய கடைத் தளம்: திறக்கலாமா?

கேள்வி: சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட், துண்டு விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் விடுமுறையில் ஏஐ சாட்பாட்டைக் கேட்டுக் கேட்டே கடைக்கு ஒரு இணையதளம் செய்துவிட்டான். வாடிக்கையாளர் லாகின், பழைய ஆர்டர்கள், ரேஸர்பே என்ற ஆன்லைன் கட்டணச் சேவை எல்லாம் வேலை செய்கிறது. ஈரோட்டில் உள்ள ஒரு வெப் டிசைன் ஏஜென்சிக்காரர் பார்த்துவிட்டு, "ஏஐ எழுதிய கோட் (நிரல்) ஆபத்து. டேட்டா வெளியே போனால் 250 கோடி அபராதம். 45,000 ரூபாய் கொடுத்தால் சரிபார்த்துச் சான்றிதழ் தருகிறோம்" என்கிறார். மகனோ, "சாட்பாட்டையே கேட்டேன், பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது" என்கிறான். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொன்னதையும் அப்படியே ஏற்க வேண்டாம். கட்டணப் பகுதியை இன்னும் திறக்காதீர்கள். 45,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள். ஏஐ எழுதிய கோடுக்கென்று தனிச் சான்றிதழ் வாங்கச் சொல்லி உங்கள் கடையை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. உங்கள் தளத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அவற்றை உங்கள் மகனே இரண்டு மூன்று நாளில் பார்த்துவிடலாம்.

முதலில் சாட்பாட்டின் வாக்கு. "இது பாதுகாப்பா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்று சொல்லும். புதிய சாட் திறந்து அதே கோடை ஒட்டி "இதில் என்ன தப்பு?" என்று கேளுங்கள், பல தப்பு சொல்லும், அதில் சில இல்லாத தப்பாக இருக்கும். கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறதோ பதிலும் அந்தப் பக்கம் சாயும். 2022-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், ஏஐ உதவியோடு கோட் எழுதியவர்கள் உதவியில்லாமல் எழுதியவர்களைவிட ஓட்டை அதிகமான கோட் எழுதினார்கள், ஆனால் தங்கள் கோட் பத்திரமானது என்ற நம்பிக்கை அவர்களுக்குத்தான் கூடுதலாக இருந்தது. அதன் பிறகு சாட்பாட்டுகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் அந்த நம்பிக்கைதான் இன்றைக்கும் ஆளைக் கவிழ்க்கிறது. உங்கள் மகனுக்கு இருப்பதும் அதேதான்.

இனி பணம். கீழே உள்ளதை மகனிடம் காட்டுங்கள். ரேஸர்பேயை டெஸ்ட் மோடில் (உண்மைப் பணம் நகராத சோதனை நிலையில்) வைத்துக்கொண்டு, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி 'நெட்வொர்க்' பகுதிக்குப் போகச் சொல்லுங்கள். 850 ரூபாய் பெட்ஷீட் ஒன்றைக் கூடையில் போட்டு 'பே நௌ' அழுத்தினால், பிரவுசரிலிருந்து சர்வருக்கு (தளம் இயங்கும் கணினிக்கு) ஒரு கோரிக்கை போவது தெரியும். அதைத் திறந்து பாருங்கள். அதில் 85000 என்ற எண் இருக்கிறதா? ரேஸர்பே கணக்கு பைசாவில் நடப்பதால் 850 ரூபாய் அங்கே 85000. இருக்கிறதென்றால், அந்த வரியில் ரைட் கிளிக் செய்து 'எடிட் அண்ட் ரீசெண்ட்' கொடுத்து, 85000-ஐ 100 என்று மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ரூபாய்க்கு ஆர்டர் உருவாகிவிட்டால், உங்கள் பெட்ஷீட்டுக்கு விலை சொல்வது நீங்கள் அல்ல, வாங்குபவர். அவர் ஒரு ரூபாய் கட்டுவார், தளம் 'கட்டணம் வந்தது' என்று காட்டும், கடைப் பையன் பார்சல் கட்டிவிடுவான்.

சாட்பாட் ஏன் இப்படி எழுதுகிறது? இணையத்தில் கிடக்கும் எண்ணற்ற பயிற்சிக் கோடுகள் புரிய வைப்பதற்காகத் தொகையைப் பிரவுசரிலிருந்தே அனுப்புகின்றன. சாட்பாட் அவற்றைப் படித்து வளர்ந்தது. "பேமெண்ட் வேலை செய்ய வேண்டும்" என்று கேட்டீர்கள், வேலை செய்கிறது. ஏமாற்ற நினைப்பவனும் வருவான் என்று நீங்கள் சொல்லவில்லை, அதுவும் நினைக்கவில்லை.

சரிசெய்வது எளிது. பிரவுசர் அனுப்ப வேண்டியவை பொருளின் எண்ணும் எத்தனை வேண்டும் என்பதும்தான். விலையை, டெலிவரி கட்டணத்தை, தள்ளுபடியைச் சர்வர்தான் தன் டேட்டாபேஸில் பார்த்துக் கூட்ட வேண்டும். எண்ணிக்கையிலும் கண் வையுங்கள். மூன்று பெட்ஷீட்டும் மைனஸ் இரண்டு போர்வையும் என்று அனுப்பினால் மொத்தம் குறைகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்குக் குறைவான எண் வந்தால் சர்வர் மறுக்க வேண்டும்.

பணம் கட்டிய பிறகு ரேஸர்பே ஒரு சிக்னேச்சர், அதாவது தகவல் தன்னிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் குறியீடு, அனுப்பும். அதைச் சர்வரில், கீ சீக்ரெட் (ரேஸர்பே உங்களுக்குத் தந்த ரகசியக் குறியீடு) கொண்டு சரிபார்த்த பிறகே 'பெய்ட்' என்று பதிய வேண்டும். 'சக்ஸஸ்' பக்கம் திறந்தது என்பதற்காகப் பதியக் கூடாது. அந்தப் பக்கத்தின் முகவரியை யாரும் நேராகத் தட்டித் திறக்கலாம். வெப்ஹுக்கும் கட்டாயம். வாடிக்கையாளர் யுபிஐ-யில் பணம் கட்டிய நொடியில் அவர் போனில் நெட் போனால் உங்கள் தளத்துக்குத் தகவல் வராது, பணம் மட்டும் வந்திருக்கும். சண்டை அங்கேதான் தொடங்கும். ரேஸர்பே நேரடியாகச் சர்வருக்குச் சொல்லும் வழிதான் வெப்ஹுக். ஒரே தகவல் இரண்டு முறை வரலாம், அதனால் ஒரு ஆர்டருக்கு இரண்டு பார்சல் போகாதபடி கோட் இருக்க வேண்டும். சாட்பாட் எழுதிய கோடில் அடிக்கடி விட்டுப்போவது இந்தக் கடைசி விஷயம்.

அடுத்தது வாடிக்கையாளர் விவரம். இரண்டு போன், இரண்டு லாகின். ஒன்றில் பழைய ஆர்டரைத் திறந்து, முகவரிப் பட்டையின் கடைசியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 1041 என்றிருந்தால் 1040 என்று மாற்றித் தட்டுங்கள். அடுத்தவர் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் வந்து நின்றால் கதவு திறந்தே கிடக்கிறது. லாகின் செய்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, இந்த ஆர்டர் அவருடையதுதானா என்று பார்க்காத கோட் இது. சாட்பாட் எழுதும் தளங்களில் அடிக்கடி காணும் ஓட்டை. சுபாபேஸ் என்ற ஆன்லைன் டேட்டாபேஸ் சேவையைப் பயன்படுத்தியிருந்தால், எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் 'ரோ லெவல் செக்யூரிட்டி' ஒவ்வொரு டேபிளிலும் ஆன் ஆகியிருக்க வேண்டும், விதிகளும் எழுதியிருக்க வேண்டும். 2025-ல் லவபிள் என்ற ஏஐ தளத்தில் செய்த 1,645 செயலிகளைச் சோதித்ததில் 170 செயலிகள் இந்த ஒரு காரணத்தால் பயனர் விவரத்தை வெளியே காட்டின.

கீ, அதாவது இந்தச் சேவைகள் தரும் அடையாளக் குறியீடு, விஷயத்தில் பலர் தேவையில்லாத இடத்தில் பயந்துவிட்டுத் தேவையான இடத்தில் கோட்டைவிடுகிறார்கள். ரேஸர்பே கீ ஐடி வெளியே தெரியலாம், கீ சீக்ரெட் தெரியவே கூடாது. சுபாபேஸின் 'அனான்' கீ வெளியே தெரியலாம், 'சர்வீஸ் ரோல்' கீ கூடாது. மகன் தன் கோடை கிட்ஹப்பில் (கோட் சேமிக்கும் இணையதளத்தில்) ஏற்றியிருந்தால், சீக்ரெட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் போதாது. பழைய வடிவம் வரலாற்றில் அப்படியே இருக்கும். அந்தச் சேவையின் டாஷ்போர்டுக்கு (கணக்குப் பக்கத்துக்கு) போய்ப் புதுக் கீ எடுத்துப் பழையதை முடக்குவதுதான் வழி. சாட்பாட்டில் சீக்ரெட்டோடு சேர்த்து ஒட்டியிருந்தாலும் அப்படியே.

கோடில் சேர்த்திருக்கும் லைப்ரரிகளின் (பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோட் தொகுப்புகளின்) பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத லைப்ரரியை இருப்பதுபோல் எழுதும் பழக்கம் சாட்பாட்டுகளுக்கு உண்டு. அந்தப் பெயரை முந்திப் பதிவு செய்து உள்ளே விஷம் வைப்பவர்களும் உண்டு. எப்போது வெளியானது, வாரத்துக்கு எத்தனை பேர் இறக்குகிறார்கள் என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி கணக்கையும் பாருங்கள். பெட்ஷீட் போன்ற ஜவுளிக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்ற பழைய விதியைச் சாட்பாட் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் மகன் செய்தது வீண் என்று எண்ண வேண்டாம். படம், பக்க அமைப்பு, படிவம், பில் பிடிஎஃப், ஸ்டாக் பட்டியல் போன்ற வேலைகளைச் சாட்பாட் நன்றாகவே செய்கிறது, பிழைச் செய்தியைப் பொறுமையாக விளக்குகிறது. ஒரு மாணவன் ஒரு விடுமுறையில் இதை முடித்தது உண்மையான சாதனை. ஆத்திரம் வருவது வேறு இடத்தில். பல கல்லூரிகளில் கணினி நிரலைத் தாளில் எழுத வைத்து மதிப்பெண் போடுகிறார்கள், பாதுகாப்பு என்பது கடைசி ஆண்டில் விருப்பப் பாடம். அந்தப் பிள்ளைதான் விலையை யார் அனுப்புகிறார் என்று பார்க்காமல் விடுகிறான்.

இப்போது அந்த ஏஜென்சி. 250 கோடி என்பது 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சவரம்பு. தவறின் தன்மை, பாதிப்பு எல்லாம் பார்த்துத்தான் அபராதம் முடிவாகும். சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து மேலும் 18 மாத அவகாசம். இத்தனை ஆண்டில் ஒரு சிறு கடைக்காரர் தன் தளத்தைக் குறைந்த செலவில் காட்டிக் கேட்க அரசு மாவட்டத்துக்கு ஓர் இடம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் 250 கோடியைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் கடை விரிக்கிறார்கள். வாங்கிய பணத்துக்கு அவர்களும் சாட்பாட்டிலேயே உங்கள் கோடை ஒட்டிப் பார்க்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். "அரசு அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று சொன்னால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இணையதளத்தில் பாதுகாப்புத் தணிக்கையாளர் பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகச் சரிபார்ப்பவர் சான்றிதழைப் பற்றிப் பேசமாட்டார். எந்தப் பக்கம், என்ன அனுப்பினேன், என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்வது என்று எழுதிக் கொடுப்பார். அப்படி எழுத்தில் தருபவருக்குப் பணம் கொடுக்கலாம்.

யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) அவர் பெயரில் பதிய விடாதீர்கள். "நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு எதற்குத் தொல்லை" என்பார்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் விஷயம் என்று நீங்களும் விடுவீர்கள். மறு ஆண்டு புதுப்பிக்க 15,000 கேட்பார்கள். கொடுக்காவிட்டால் உங்கள் விசிட்டிங் கார்டிலும் கடைப் பையிலும் அச்சடித்த முகவரி திறக்காது. டொமைன், ஹோஸ்டிங், கிட்ஹப், ரேஸர்பே நான்கும் உங்கள் ஈமெயிலில், ஓடிபி உங்கள் போனுக்கு வரும்படி இருக்கட்டும். வேலை செய்பவருக்குத் தனி லாகின் கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

காத்திருக்க முடியாது, பண்டிகை வியாபாரம் போய்விடும் என்றால் ஒரு வழி உண்டு. லாகினையும் கூடையையும் எடுத்துவிட்டு, படமும் விலையும் வாட்ஸ்அப் பொத்தானும் மட்டும் வைத்து இன்றே திறக்கலாம். வாடிக்கையாளர் விவரம் சேமிக்காத தளத்தில் திருட ஏதுமில்லை. கட்டணத்துக்கு, ரேஸர்பே டாஷ்போர்டிலேயே தொகையை நீங்கள் போட்டுப் பேமெண்ட் லிங்க் உருவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதில் உங்கள் கோட் எதுவும் இல்லை, விலையை மாற்றவும் முடியாது. ஆனால் இதற்கும் நிபந்தனை உண்டு. பணம் வந்ததா என்பதை டாஷ்போர்டில் பார்த்த பிறகே பார்சல் கட்ட வேண்டும். நேரடி யுபிஐ என்றால் வங்கிக் கணக்கில் வரவு பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் செல்லாது, போலி ஸ்கிரீன்ஷாட் செய்யத் தனிச் செயலிகளே சுற்றுகின்றன. "அவசரம், பஸ்ஸில் போட்டுவிடுங்கள், பணம் வந்துவிடும்" என்பவரிடம் இன்னும் கவனம். லிங்கைக் கடைப் பையன் உருவாக்குவதாக இருந்தால் அவனுக்குத் தனி லாகின் கொடுங்கள், ரீஃபண்ட் உரிமை கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் முகவரிகளை எல்லோரும் திறக்கும் கூகுள் ஷீட்டில் போடாதீர்கள், போட்டால் தளத்தில் மூடிய ஓட்டை அங்கே திறக்கும்.

கடைசியாக ஒன்று மகனுக்கு. ஏஜென்ட் வகைச் சாட்பாட்டுக்கு, அதாவது தானே கோடை மாற்றி ஓட்டும் வகைக்கு, உண்மையான டேட்டாபேஸின் பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாது. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற கோட் எழுதும் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு நிறுவனத்தின் நேரடி டேட்டாபேஸை அழித்தது. சோதனைக்குத் தனி டேட்டாபேஸ், உண்மையானதற்குத் தினமும் பேக்கப். அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் ஒரு முறை திறந்து, கடைசி ஆர்டர் வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லைவ் கீயை (உண்மைப் பணம் வாங்கும் ரேஸர்பே கீயை) போடச் சொல்லுங்கள்.