போட்டை பிளைட்ல ஏத்திட்டு போவாங்களா? – வாசகர் கேள்வி பதில்

சார், நம்ம வேலூர்ல பொறந்த பாய்மரப் படகு வீரர் விஷ்ணு சரவணன் ஒலிம்பிக் போனப்போ போட்டையும் பிளைட்லயே ஏத்திட்டு போயிருப்பாரா? டீக்கடைல பெட்டே கட்டிட்டாங்க.
– வாசகர், சத்துவாச்சாரி

ஏத்திட்டு போயிருப்பாருன்னு சொன்னவர் டீக்கு காசு குடுக்கட்டும். அவர் ஓட்டுறது ஐஎல்சிஏ 7, முன்னாடி லேசர்னு சொன்னாங்களே அதான், ஒத்த ஆள் போட். அதுக்கு ஒலிம்பிக் நடத்துறவங்களே எல்லாருக்கும் ஒரே மாதிரி போட் குடுத்துடுவாங்க. டோக்கியோவுல 20-வது வந்தாரு, 2024 பாரிஸ்ல 18-வது (பேருக்குத்தான் பாரிஸ், ரேஸ் நடந்தது மார்செய் கடல்ல), நடுவுல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வெண்கலம். சொந்த போட்டை தூக்கிட்டு போற தலைவலி எல்லாம் ஃபார்ட்டிநைனர் மாதிரி ரெண்டு பேர் போட்காரங்களுக்குத்தான்.

சார், நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஃபைபர் வேலை பாக்குறேன். அக்கா பையன் சென்னையில அந்த ஃபார்ட்டிநைனர்தான் ஓட்டுறான், பார்ட்னரோட சேந்து புது போட் வாங்கிட்டான், ஐரோப்பாவுல பெரிய போட்டி இருக்குது. புதுசுதானேடா, நேரா கன்டெய்னர்ல ஏத்திடுன்னா "மாமா, உங்களுக்கு தெரியாது"ன்றான். இன்னா சார் தெரியாது எனக்கு?
– வாசகர், ராணிப்பேட்டை

பையன் சொல்றது சரி, ஆனா அவனுக்கு நீங்க இல்லாம ஆகாது.

புது போட்ல எதுவுமே இன்னும் செட் ஆகியிருக்காது. கயிறு இழுபடும், ஸ்க்ரூ லூசாகும், மாஸ்ட்டை (பாய் கட்டுற கம்பம்) புடிச்சு நிக்கிற ஒயர் கொஞ்சம் நீளும். அதனால மொதல்ல இங்கயே நல்லா காத்துல ஓட்டி, எல்லாத்தையும் திரும்ப டைட் பண்ணி, ஒயர் எவ்ளோ டைட்டுன்னு கேஜ் வெச்சு பாத்து நோட்ல எழுதி, கயித்துல மார்க்கர்ல கோடு போட்டுக்கணும். அங்க போய் காத்து மாறும்போது அந்த கோடுதான் கைகுடுக்கும். 4.99 மீட்டர் போட், ரெண்டு பேரும் ஒயர்ல தொங்கிகிட்டு வெளிய நிப்பாங்க, ஸ்பின்னேக்கர்னு முன்னாடி விரிக்கிற பெரிய பாய் மட்டும் 38 சதுர மீட்டர். இதுல மாஸ்ட் ஒயரை புடிச்சிருக்கிற பின்னோட குட்டி ரிங் ஒண்ணு கழண்டா போதும், மொத்த மாஸ்ட்டும் தண்ணிலதான். ரிங் ஒவ்வொண்ணுக்கும் இன்சுலேஷன் டேப் சுத்தணும், இதுல சோம்பேறித்தனம் பண்றவன் போட்டிக்கே போக வேண்டாம்னு சொல்வேன்.

இப்ப உங்க வேலை. டேகர்போர்டு (அடியில தண்ணிக்குள்ள இறங்குற பலகை), ரட்டர் (சுக்கான்) ரெண்டோட பின் விளிம்புலயும் நகத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க, சின்ன சிப் தட்டுனா கூட வேகத்துல அதிரும், ஙொய்னு சத்தம் வரும். எபாக்ஸி பசை அடைச்சு வாட்டர் பேப்பர் போட்டுடலாம், ஆனா ஷேப்பை தொடக்கூடாது, இது எல்லார் போட்டும் ஒரே அளவுல இருக்க வேண்டிய கிளாஸ், கிளாஸ் ரூல்ல எவ்ளோ அனுமதின்னு பாத்துட்டு கை வைங்க. வழுக்கட்டும்னு தண்ணில கரையற கெமிக்கல் பூசுறதும் ரூல்படி தப்பு. லீக் பாக்க ஜாயின்ட்ல சோப்பு தண்ணி தடவி தண்ணி வடியற ஓட்டை வழியா வாயால ஊதுனா போதும், குமிழி வர்ற எடம்தான் லீக். ஃபேக்டரி பழக்கத்துல கம்ப்ரஸர் வெச்சு அடிச்சிடாதீங்க, ஹல் (போட்டோட உடம்பு) பொளந்துக்கும்! அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தொடுற எடத்துல கிரீஸ் இல்லன்னா உப்புத்தண்ணி அலுமினியத்தை அரிச்சிடும்.

ரேஸ் பாயை சும்மா ரெண்டு தடவை ஏத்தி ஃபிட்டிங் பாத்துட்டு சுருட்டி வைக்கணும், பயிற்சிக்கு பழசு போதும். 20 அடி கன்டெய்னருக்குள்ள சுமார் 5.9 மீட்டர்தான் எடம், ஹல் படுத்துக்கும், முழு மாஸ்ட் அதைவிட நீளம், அதை முன்கூட்டியே யோசிங்க. கஸ்டம்ஸுக்கு ஏடிஏ கார்னெட் (சாமானை வரி கட்டாம வெளிநாடு கொண்டுபோய் திருப்பிக் கொண்டு வர்றதுக்கான பேப்பர்) போடணும், நம்ம ஊர்ல அதை ஃபிக்கின்ற தொழில் வர்த்தக கூட்டமைப்பு குடுக்குது, அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். லிஸ்ட்ல உதிரி ரட்டர் வரைக்கும் எழுதியிருக்கணும், விட்டுப்போனா திரும்பி வரும்போது வம்பு. எபாக்ஸி, தின்னர் எல்லாம் ஆபத்தான சரக்கு கணக்குல மாட்டிக்கும், அங்க போயே வாங்கிக்க சொல்லுங்க.

பாலாறு காஞ்சு கெடக்குற ஊர்ல என் பொண்ணு போட் ஓட்டணும்ன்றா, எங்க சேக்கலாம்?
– வாசகி, குடியாத்தம்

சென்னை தான்மா. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன், ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ரெண்டுலயும் விசாரிங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு ஆப்டிமிஸ்ட்னு 2.3 மீட்டர் குட்டி போட் இருக்கு, 15 வயசு வரைக்கும் அதுல போட்டி போடலாம். பாய்மரப் படகுல ஒலிம்பிக்குக்கு தகுதி வாங்கின மொத இந்தியப் பொண்ணு நேத்ரா குமணன் சென்னைக்காரிதான். அதுக்கு முன்னாடி நீச்சல் சேத்து விடுங்க.