பழைய போட்டுக்குப் புது எஞ்சின்: முதல்ல பின்பலகை

கல்லடியிலிருந்து ஒருவர்: அண்ணன், 18 அடி பழைய ஃபைபர் போட் ஒண்டைத் திருத்துறன். 15 குதிரைவலு போதுமா, 25 எடுக்கட்டா?

பதில்: தம்பி, முதல்ல எஞ்சின் பூட்டுற பின்பலகையைப் பாருங்க. பழைய போட்டுகள்ல அதுக்குள்ள பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் கிடக்கும். போல்ட் துளையால உப்புத்தண்ணி இறங்கி உள்ளுக்குள்ள உக்கிப் போனாலும் வெளியில ஃபைபர் நல்லாத்தான் தெரியும். சின்னச் சுத்தியலால மேலிருந்து கீழ தட்டுங்க. நல்ல பலகை 'டக்' எண்டு கேட்கும், உக்கினது மொத்தெண்டு கேட்கும். சந்தேகமான இடத்தில உள்பக்கமா 5 மில்லிமீற்றர் துளை போட்டுத் தூளைப் பாருங்க. காய்ஞ்சு வெளிறி வந்தா நல்லது. கறுத்து ஈரமா வந்தா பலகையை மாத்தாம எந்த எஞ்சினும் பூட்டாதீங்க.

புதுத் துளை போடுறதும் கவனம். 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு முதல்ல 14 மில்லிமீற்றர் துளை போட்டு, எபொக்ஸி (இறுகிப் போற பிசின்) நிரப்பி, இறுகின பிறகு நடுவில 8 மில்லிமீற்றர் துளை போடுங்க. மரத்தைத் தண்ணி தொடாது.

வாவிக்குள்ள வலை போட 15 தாராளம். முகத்துவாரத்தால வெளியேறிச் சுமையோட திரும்புற ஆளெண்டா 25. போட் கட்டினவர் சொன்ன உச்ச அளவைத் தாண்ட வேணாம்.

நிந்தவூர்: தம்பி, தண்ணிக்குள்ள இறங்குற எஞ்சின் கால் நீளம் எப்படி அளக்கிற?

பதில்: காக்கா, எஞ்சின் உட்காருற மேல்விளிம்பின் நடுவிலிருந்து போட்டின் அடி வரைக்கும் நேர்குத்தா அளவுங்க. 15 அங்குலத்துக்கு குறுங்கால், 20க்கு நெடுங்கால். காத்தாடிக்கு (தண்ணிக்குள்ள சுழல்ற புரொப்பெல்லர்) மேல இருக்கிற தட்டைத் தகடு போட்டின் அடியோட சமமா, இல்லாட்டி ஒரு அங்குலம் கீழ நிற்கணும். உயர்ந்தா காத்தாடி காத்தை இழுத்து, எஞ்சின் அலறும், போட் நகராது. கூடத் தாழ்ந்தா இழுவை கூடும், மணல்திட்டியிலயும் முட்டும்.

வாழைச்சேனை: ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா அண்ணன்?

பதில்: 15 குதிரைவலுவில ரெண்டு ஸ்ட்ரோக் 40 கிலோ அளவில வரும், நாலு ஸ்ட்ரோக் 50 கிலோ அளவு. நாளாந்தம் கழட்டி மணல்ல தோளில தூக்குறவருக்கு அந்தப் பத்துக் கிலோ பெரிசு. தண்ணியில கட்டி நிற்கிற போட்டெண்டா நாலு ஸ்ட்ரோக்: எண்ணெய் கலக்கிற வேலையில்ல, பெற்றோலும் குறையும்.

திருக்கோவில்: புது எஞ்சின் பூட்டியும் போட் இழுக்குதில்ல.

பதில்: வழமையான சுமையோட முழுவேகத்தில சுழற்சியை அளந்து பாருங்க. கைநூலில நிமிஷத்துக்கு 4500 முதல் 5500 எண்டிருக்க, 4200தான் வருதெண்டா காத்தாடியின் பிட்ச் (ஒரு சுற்றில அது முன்னேற வேண்டிய தூரம்) கூட. ஒரு அங்குலம் குறைச்சா ஏறக்குறைய 200 சுழற்சி ஏறும், உங்களுக்கு ரெண்டு அங்குலம் குறைஞ்சது தேவை. அப்படியே ஓட்டினா பிஸ்டன் சூடேறி இறுகலாம்.

கரையில மணலோட இழுக்கிறீங்கதானே? எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணிப் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (தண்ணியைத் தள்ளுற சக்கரம்) மணல் அரிக்கும். பின்னால பீச்சுற தண்ணி மெலிஞ்சா உடனே எஞ்சினை நிப்பாட்டிட்டுப் பாருங்க.