அடுத்த வாரம் தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் வளைகாப்பு. மழை முன்னறிவிப்பை நம்பி முடிவெடுக்கலாமா?

கேள்வி இதுதான்: கார்த்திகைக் கடைசி, தண்டையார்பேட்டை, மொட்டைமாடியில் பெண்ணுக்கு வளைகாப்பு, நூறு பேர் வருவார்கள், இன்னும் ஏழு நாள் இருக்கிறது. போனைத் திறந்தால் அந்தத் தேதிக்கு இடியும் மேகமும் காட்டுகிறது. பந்தல் போடலாமா, மண்டபத்துக்கு மாறலாமா?

எனக்குத் தொழிலே பந்தலும் வாடகை சேரும்தான். ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை தகரம் ஏற்றி இறக்குகிறேன். ஐப்பசி பிறந்தால் போதும், இதே கேள்வியை தினமும் நாலு பேர் கேட்பார்கள்.

போனில் வரும் மேகப் படத்தை விட்டுத்தள்ளுங்கள். ஏழு நாளைக்கு முன்னால் உருப்படியாகத் தெரியக்கூடியது ஒன்றே ஒன்று: வங்கக்கடலில் ஏதாவது உருவாகப் போகிறதா, இல்லையா. அது எந்தப் பக்கம் வரும் என்பது கடைசி மூன்று நாளில்தான் ஓரளவு பிடிபடும். உங்கள் தெருவில் எத்தனை மணிக்குக் கொட்டும் என்பதை ராடார் படத்தைப் பார்த்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சொன்னாலே பெரிய விஷயம்.

அதனால் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிக்கையைத் தினமும் படியுங்கள். அதில் எண்ணைவிட வார்த்தை முக்கியம். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20, அதற்கு மேல் போனால் 'அதி கனமழை'. 'ஓரிரு இடங்களில்' என்று போட்டிருந்தால் நம் ஏரியா இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஓரிரு இடம் மணலியாகவோ எண்ணூராகவோ இருந்துவிடுவது உண்டு.

அடுத்து, கடலில் உருவான சுழல் எங்கே கரை ஏறுகிறது என்று பாருங்கள். அது இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. நமக்குத் தெற்கே, புதுச்சேரி மாமல்லபுரம் பக்கம் வந்தால், கடலிலிருந்து ஈரக்காற்று நேராக நம் மேல் அடிக்கும். வடக்கே நெல்லூர் பக்கம் ஏறினால் நமக்குத் தரைக்காற்று, மழை சட்டென்று குறையும். இந்தக் கணக்கை நான் இரண்டு முறை தப்பாகப் போட்டு இரண்டு விதமாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

முதலாவது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கொருக்குப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை அய்யப்ப பூஜை, வெள்ளிக்கிழமையே பந்தல் கட்டியாகிவிட்டது. எச்சரிக்கை சொல்லத்தான் செய்தார்கள். நான் 'ஆந்திரா' என்ற ஒரு வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். போனது ஆந்திராவுக்குத்தான், 5ஆம் தேதி பாபட்லா பக்கம் கரையேறியது. ஆனால் அதற்கு முன்னால் நம் கரையை ஒட்டி ஆமை மாதிரி நகர்ந்து, 3ஆம் தேதி இரவும் 4ஆம் தேதி முழுக்கவும் ஊற்றித் தீர்த்தது. திங்கட்கிழமை காலையில் என் சிவப்பு பிளாஸ்டிக் சேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்வலம் போவதுபோல, தெரு முனைக் கால்வாயைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. நாற்பது சேர் திரும்பி வரவே இல்லை. திசையோடு வேகத்தையும் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு உறைத்தது.

இரண்டாவது 2024 அக்டோபர். 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட். முந்தின நாள் மழையும் சாமானியமில்லை, 16 காலை வரை சோழவரத்தில் 30 செ.மீ., செங்குன்றத்தில் 28. பயந்துபோய், பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டியிருந்த தகரத்தைக் கழற்றி வந்துவிட்டேன். தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே ஏறிவிட்டது. வெயிலில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். "அண்ணே, அந்தத் தகரம் நெழலுக்காவது ஆயிருக்குமே" என்று அந்த வீட்டுப் பிள்ளை இன்றைக்கும் கேட்கிறான்.

தண்டையார்பேட்டைக்காரருக்கு இன்னொரு வசதி, மூக்கு. கிழக்கே காசிமேடு, மேற்கே கொடுங்கையூர் குப்பைமேடு, வடமேற்கே மணலி ஆலைகள். ராத்திரியில் குப்பை வாசம் வந்தால் கணக்கில்லை, தரைக்காற்று வழக்கமாக வீசுவதுதான். மத்தியானம் இரண்டு மணிக்கும் அதே வாசம் வந்தால் கடற்காற்று உள்ளே நுழையவே இல்லை, அன்றைக்கு மழை பெரும்பாலும் டிமிக்கி கொடுக்கும். மீன் வாசம் விடாமல் வந்து, துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளாகக் காயாமல் பிசுபிசுத்தால் தார்பாயை எடுத்து வெளியே வையுங்கள்.

உங்கள் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. இந்தப் பருவ மழைக்கு விடியற்காலைப் பழக்கம் உண்டு. இரவில் குளிர்ந்த தரைக்காற்று கடலோரத்தில் கீழைக்காற்றோடு மோதி மேகத்தை மேலே தள்ளும். மூன்று மணிக்கு ஆரம்பித்து எட்டு எட்டரை வரை பெய்துவிட்டு, பத்து மணிக்கு ஒன்றும் தெரியாத மாதிரி வெளுத்து நிற்கும். ஐயரிடம் பதினொரு மணிக்கு மேல் நல்ல நேரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மாடியில் தண்ணீர் நிற்காது, சரி. வருகிறவர்கள் வர வேண்டுமே! கணேசபுரம் சுரங்கப்பாதையை அடைத்துவிட்டால் வியாசர்பாடிப் பக்கத்துச் சொந்தமெல்லாம் சுற்றித்தான் வரணும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமாக இருந்தால் பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரை எண்ணூர் முகத்துவாரம் லேசில் வாங்காது. அப்போது சின்ன மழைக்கே தெருவில் முழங்கால் அளவு நிற்கும். காலண்டரில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களுக்குப் பந்தல் போடுவதாக இருந்தால் இப்படிச் செய்வேன். மூன்று நாளைக்கு முன்னால் அறிக்கையில் 'தாழ்வுப் பகுதி' வரைக்கும்தான் இருந்தால் மாடியிலேயே தகரப் பந்தல். 'தாழ்வு மண்டலம்' என்றால் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தாண்டுகிறது, மாடியில் தகரம் கட்ட என் பசங்களை ஏற்ற மாட்டேன், கீழே வண்டி நிறுத்துகிற இடத்துக்கு மாற்றிவிடுவேன். 'ஆழ்ந்த' என்ற வார்த்தை சேர்ந்துவிட்டால் 50க்கு மேல், மண்டபம்தான். ஆனால் கார்த்திகை முகூர்த்த நாளில் மூன்று நாளைக்கு முன்னால் போய்க் கேட்டால் மண்டபம் கிடைக்காது. பக்கத்தில் இருக்கிற சின்ன ஹாலாகப் பார்த்து இன்றைக்கே பேசி வையுங்கள். முன்பணம் திரும்ப வருமா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தைக்கு விடாதீர்கள்.