அந்தப் பயம் உண்மையானது

அன்புள்ள ஐயா,

ஊழல் தலைவர்களை ஆதரிக்கும் மக்களை முட்டாள்கள் என்று சொல்லக்கூடாது என நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் ஆதரிக்கும் தலைவர் ஊழல்வாதி என்பது அவருக்கும் தெரியும். சொன்னால், “திருடினா திருடிட்டுப் போறான், ராத்திரி நிம்மதியா தூங்குறோம்ல” என்கிறார். நாளெல்லாம் தொலைக்காட்சிச் செய்திதான். படித்தவர்களே இப்படிப் பொய்ப் பிரச்சாரத்துக்கு மயங்கினால் மக்களை முட்டாள்கள் என்று சொல்வதில் என்ன தவறு?

கே.

அன்புள்ள கே.,

தவறுதான். உங்கள் அப்பாவின் சொற்களை அப்படியே தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் லட்சக்கணக்கானோர் சொல்லியிருப்பார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது.

ஆல்பர்ட்டோ ஃபுஜிமோரி அதிபரான 1990ஆம் ஆண்டில் பெருவில் விலைவாசி 7000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிஸ்ட் இயக்கம் பத்து வருடங்களாக மலைக்கிராமங்களில் விவசாயிகளைக் கொன்றுகொண்டிருந்தது. 1992 ஜூலையில் தலைநகர் லிமாவின் மிராஃப்லோரெஸ் பகுதியில் அது வைத்த கார்குண்டு 25 பேரைக் கொன்றது. பின்னாளில் அரசு அமைத்த உண்மை ஆணையம், இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் நடந்த அந்தப் போரின் சாவுகளை ஏறக்குறைய 69,000 என்று மதிப்பிட்டது. செத்தவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா முதலான பூர்வகுடி மொழிகளைப் பேசியவர்கள். பாதிக்கு மேற்பட்ட கொலைகள் ஒளிரும் பாதை செய்தவை. அந்த ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த தாயிடம் போய் அது வெறும் பிரச்சாரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1992 ஏப்ரல் 5 அன்று ஃபுஜிமோரி ராணுவத்தை இறக்கி நாடாளுமன்றத்தை மூடினார், நீதிமன்றங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். கருத்துக்கணிப்பில் பத்தில் எட்டுப் பேர் அதை ஆதரித்தார்கள்.

பிரச்சாரம் செய்த வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. செப்டம்பர் 12 அன்று இயக்கத்தின் தலைவர் அபிமாயேல் குஸ்மான் பிடிபட்டார். பிடித்தது ஒரு சிறிய போலீஸ் புலனாய்வுக் குழு. ஃபுஜிமோரி பதவியேற்பதற்கு முன்பே, 1990 மார்ச்சில் அமைக்கப்பட்டது அது. வாகன வசதிக்குக்கூடத் திண்டாடிய அந்தப் போலீஸ்காரர்கள் மாதக்கணக்கில் ஆட்களைப் பின்தொடர்ந்தார்கள். லிமாவில் ஒரு நடனப் பள்ளி இருந்த வீட்டின் குப்பையைக் கிளறி, சிகரெட் துண்டுகளையும் சொரியாசிஸ் மருந்துக் குழாய்களையும் வைத்து, மாடியில் இருப்பது குஸ்மான்தான் என்று கண்டுகொண்டார்கள். ஓர் உயிர்கூடப் போகாமல் கைது நடந்தது. நாடாளுமன்றத்தை மூடியதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சில நாட்கள் கழித்து குஸ்மானைக் கோடு போட்ட கைதி உடையில் கூண்டில் அடைத்துக் கேமராக்களுக்கு முன் நிறுத்தியபோது, வெற்றி முழுவதும் அதிபரின் இரும்புக்கரத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. குப்பை கிளறியவர்களின் குழுவைச் சீக்கிரமே கலைத்துவிட்டார்கள்.

ஆபத்து அடங்கிய பிறகு பயம் குறைந்திருக்க வேண்டும். குறையவிடவில்லை. எதிர்த்துப் பேசிய மாணவர், தொழிற்சங்கத்தார், மனித உரிமை வழக்கறிஞர் எல்லோரும் பயங்கரவாதிகளின் ஆட்கள் ஆக்கப்பட்டார்கள். முகத்தை மறைத்துக்கொண்ட நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். நிரபராதிகள் நூற்றுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். லிமாவின் பாரியோஸ் ஆல்டோஸ் பகுதியில் 1991இல் எட்டு வயதுச் சிறுவன் உட்பட 15 பேரைச் சுட்டுக்கொன்றது ராணுவத்தின் ரகசியக் கொலைக்குழு. 1995 தேர்தலில் மீண்டும் வென்றதும் ஃபுஜிமோரி அந்தக் கொலையாளிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

பணத்துக்கு வருகிறேன். ஃபுஜிமோரியின் உளவுத்துறையை ஆட்டிவைத்த விளாடிமிரோ மொன்டெசினோஸ், தான் லஞ்சம் கொடுப்பதைத் தானே வீடியோ எடுத்து வைத்தார், வாங்கியவர்களின் குடுமி தன் கையில் இருக்க வேண்டும் என்று. ரசீதும் வாங்கினார். அதனால் ஜனநாயகத்தின் எந்தத் தூணுக்கு என்ன விலை என்பது இன்று நமக்குத் தெரியும். நீதிபதிக்கு மாதம் சில ஆயிரம் டாலர். நாடாளுமன்ற உறுப்பினருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மிகப் பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தின் உரிமையாளருக்கு மாதம் 15 லட்சம் டாலர். அந்த ஒரு நிறுவனத்துக்குப் போனது, விலைபோன எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எல்லோருக்கும் போனதைப்போல ஐந்து மடங்கு. மாலைச் செய்தியில் என்ன வரலாம், எது வரக்கூடாது என்பதை மொன்டெசினோஸ் முடிவு செய்தார். பாருக் இவ்செர் என்ற உரிமையாளரின் தொலைக்காட்சி ராணுவத்தின் சித்திரவதைகளைக் காட்டியது. 1997இல் அவருடைய குடியுரிமையையே பறித்து, நிறுவனத்தை வேறு கைக்கு மாற்றினார்கள். தெருமுனைக் கடைகளில் தொங்கும் மலிவுவிலைப் பத்திரிகைகளின் தலைப்புகளும் காசுக்கு எழுதப்பட்டவை. எதிரணி வேட்பாளர்களை நாள்தோறும் அவை அசிங்கப்படுத்தின.

இந்த வரலாற்றில் என்னால் மன்னிக்கவே முடியாதவர்கள் அந்தத் தொலைக்காட்சி முதலாளிகள்தான். பயந்தவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இவர்கள் அந்தப் பயத்தை மாதச் சம்பளத்துக்கு விற்றார்கள்.

கனால் என் என்ற கேபிள் சேனலுக்கு மட்டும் லஞ்சம் போகவில்லை. சில பத்தாயிரம் சந்தாதாரர்களே இருந்ததால் மொன்டெசினோஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. 2000 செப்டம்பர் 14 அன்று, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அணிமாற 15,000 டாலர் வாங்கும் வீடியோ அதில்தான் ஒளிபரப்பானது. பிறகு மற்றவர்களாலும் மறைக்க முடியவில்லை. இரண்டே நாளில் ஃபுஜிமோரி புதிய தேர்தலை அறிவித்து, தான் போட்டியிடமாட்டேன் என்றார். நவம்பரில் ஜப்பானிலிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா செய்தார். ஊழல் எல்லோரும் ஊகித்ததுதான். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு.

அவருக்கு 2009இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அவருடைய மகளோ 2011, 2016, 2021 மூன்று தேர்தல்களிலும் இறுதிச் சுற்றுவரை வந்தார். பழைய முத்திரையும் அழியவில்லை. 2022 டிசம்பரிலிருந்து தெற்குப் பெருவில் போராடிய மக்களையும் பயங்கரவாதிகள் என்றார்கள். ஜூலியாகா நகரில் 2023 ஜனவரி 9 அன்று மட்டும் 17 பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள்.

அதனால் கே., அப்பாவிடம் அந்தத் தலைவரைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எடுத்தால் அவர் தன் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். அவர் எப்போது, எதற்குப் பயந்தார் என்று கேளுங்கள். கடைசியில் அந்தப் பயத்தைத் தீர்த்தது யார் என்றும் கேளுங்கள். அவர் ஆசிரியர், கேள்விக்கு மதிப்புத் தருவார் என்று நம்புகிறேன். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.